தாழ்ப்பாளில் தொங்கும் கரண்டி

என் தலைக்கு வெளியே எனக்கொரு ஞாபகமாக இருந்த எஸ்தருக்கு,

உட்கார், நிறையச் செய்தி இருக்கிறது. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் ஒரு வரிகூட எழுதாதவள், இன்றைக்குக் காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். வாசலைக் கழுவிவிட்டிருக்கிறேன். ஈரம் காய்வதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று நினைப்பு. நான் நினைப்பதெல்லாம் அப்படித்தானே இருக்கும்?

மூன்று செய்தி. ஒன்று, எனக்கு ஒரு சங்கதி இருக்கிறதே, அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. இரண்டு, உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். அது இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு இருப்பது ஏடிஎச்டியாம், கவனம் ஓரிடத்தில் நிற்காத பிறவிக் கோளாறு. அறுபத்து மூன்று வயதில் கண்டுபிடித்திருக்கிறார்கள்! நான் போனது வேறு பயத்தில். மறதி நோய் வந்துவிட்டதோ, ஒருநாள் வீட்டுக்கு வழி தெரியாமல் மணவாள நகர் தெருக்களில் சுற்றப்போகிறேனோ என்று பயந்துகொண்டுதான் திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். நான் நாலாம் வகுப்பில் பாடம் எடுத்த பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்திருக்கலாம், அந்த வயது.

"எப்போதிலிருந்து மறதி?" என்று கேட்டாள்.

"பிறந்ததிலிருந்து" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அதைப் பற்றித்தான் பேசணும், மேடம். சின்ன வயசிலிருந்து சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். பாதி தைத்து நின்றுபோன ஜாக்கெட்டுகள், மூன்று முறை தொலைத்த வீட்டுச் சாவி, பால் பொங்கி அணைந்த அடுப்புகள். அதே நேரத்தில், பிடித்த வேலை கிடைத்தால் பசி தாகம் தெரியாமல் ஆறு மணி நேரம் அதிலேயே கிடப்பது. அடுத்து இரண்டு முறை வரச்சொன்னாள். என் அக்காவிடம் போனில் பேசினாள், ஒரு கட்டுத் தாளில் கேள்விகள் கேட்டாள், பிறகுதான் பெயரைச் சொன்னாள். உனக்கு ஓர் உதாரணம் சொன்னால் புரியும். ஒரே கரும்பலகையில் நாலு வாத்தியார் ஒரே நேரத்தில் நாலு பாடம் எழுதினால் எப்படி இருக்கும்? கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளை சோம்பேறியில்லை. எதைப் பார்ப்பது என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். என் தலை அந்தக் கரும்பலகை.

"இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கீங்களே, எப்படிச் சமாளிச்சீங்க? ஞாபகப்படுத்த வெளியே ஏதாவது அடையாளம் வச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு கரண்டி இருந்தது, டாக்டர்" என்றேன்.

உனக்கு நினைவிருக்கிறதா எஸ்தரு? காலையில் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணிக்கை வந்தால்தான் சத்துணவுக் கூடத்தில் நீ உலையில் அரிசி போட முடியும். மற்ற வகுப்புகளிலிருந்து துண்டுச்சீட்டு வந்துவிடும். நாலாம் வகுப்பிலிருந்து மட்டும் வராது. நான் வருகைப் பதிவேட்டைத் திறந்திருப்பேன். மூன்றாவது பெயரைக் கூப்பிடும்போது ஒரு பிள்ளை, நிலாவில் மழை பெய்யுமா டீச்சர் என்று கேட்டிருக்கும். அவ்வளவுதான், பதிவேடு அப்படியே கிடக்கும், நானும் பிள்ளைகளும் நிலாவில் இருப்போம்.

நீ பத்து நாள் வந்து வந்து கேட்டுப் பார்த்தாய். பதினோராம் நாள் சாம்பார் கரண்டியைக் கொண்டுவந்து என் வகுப்புத் தாழ்ப்பாளில் மாட்டினாய். "எண்ணிக்கை வர்றப்ப கரண்டியும் கூட வரட்டும், டீச்சரக்கா. கரண்டி வரலன்னா நான் கொழம்பு கிண்ட மாட்டேன். புள்ளைங்க உங்களைத்தான் புடிச்சிக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். அன்று முதல் நான் ஓய்வு பெறும் வரை தினமும் காலையில் அந்தக் கரண்டி வந்து தொங்கியது. நான் நிலாவுக்குப் போனால் பிள்ளைகளே "டீச்சர், கரண்டி!" என்று கத்தும்.

டாக்டர் சிரித்துவிட்டுக் கரண்டி என்று தாளில் எழுதிக்கொண்டாள். அதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டு, வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், "நாப்பது வருஷமா நான் சொல்லிக்கினு இருந்ததுக்கு இங்கிலீஷ்ல பேர் வச்சிட்டாங்களா?" என்கிறார். மாத்திரையும் கொடுத்திருக்கிறாள். அதைச் சாப்பிடத்தான் மறந்துவிடுகிறது.

சிரிக்காதே. இனி இரண்டாவது செய்தி. இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது.

நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது உன் நாலு கோழிகளை என்னிடம் அனுப்பினாய். கிரேஸ் உன்கூடவே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியிருந்ததால் உன் வீட்டில் ஆள் இல்லை. ஓர் அட்டைப்பெட்டியில் நாலையும் போட்டு, ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள் உன் மகள். நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தண்ணி மட்டும் மறக்காதீங்க டீச்சரக்கா. மத்ததெல்லாம் அதுங்களே பாத்துக்கும்."

ஒன்பது நாள் மறக்கவில்லை. நாலையும் அடையாளம் தெரிந்துகொண்டேன். கழுத்தில் இறகில்லாதது, சாம்பல் நிறம், சோம்பேறி, திருடி. பெயர் வைத்திருக்கிறாயே என்று முன்னொரு நாள் கேட்டதற்கு, "பேரு இல்ல, அடையாளம். பேரு வச்சா கிறிஸ்மஸுக்கு அடிக்க மனசு வராது" என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது.

பத்தாம் நாள் காலை, வாசலைக் கழுவ வேண்டும் என்று நாலையும் பெரிய மூங்கில் கூடையைப் போட்டு மூடினேன். முருங்கை மரத்து நிழலில்தான் வைத்தேன். நாய் தள்ளாமல் இருக்க மேலே ஒரு கல். பத்து நிமிஷ வேலை. அப்போது கூட வேலை பார்த்த ஒரு டீச்சரிடமிருந்து போன். "கருவூலத்துல இன்னைக்குக் கூட்டமே இல்ல, பென்ஷன் நேர்காணலை உடனே வந்து முடிச்சிடுங்க" என்றாள். உடனே என்றால் எனக்கு உடனேதான். துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நேர்காணல் அரை மணியில் முடிந்தது. அங்கிருந்து அந்த டீச்சரோடு ஓட்டல், ஓட்டலிலிருந்து வங்கி, வங்கியிலிருந்து அவள் பேத்திக்குக் கவுன் வாங்கத் துணிக்கடை.

அது மே மாதம், எஸ்தரு.

நான் ஒவ்வொரு வருஷமும் நாலாம் வகுப்புக்கு நிழல் பாடம் எடுத்தவள். மைதானத்தில் குச்சி நட்டு, மணிக்கொரு முறை பிள்ளைகளை அழைத்துப் போய் நிழலின் மேல் சாக்பீஸால் கோடு போடச் சொல்வேன். நீ சமையல் கூடத்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என் அடுப்பு மேல எத்தினி மணிக்கு வெயிலு வரும்னு எனக்குத் தெரியாதா, இதுக்குக் குச்சி வேறயா?" என்று கேலி செய்வாய். நிழல் ஓர் இடத்தில் நிற்காது என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள், காலை ஒன்பது மணி நிழலை நம்பி நாலு உயிரை விட்டுவிட்டுப் போனேன். கூடைக்குள் தண்ணீர்கூட வைக்கவில்லை. நாலரை மணிக்கு வந்து கூடையைத் தூக்கியபோது, கழுத்தில் இறகில்லாதது மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தது.

மற்ற மூன்றையும் அந்த முருங்கைக்குக் கீழேயே புதைத்தேன்.

மூன்றாம் நாள் உன்னைப் பார்க்க வந்தேன். கையில் ஊசி குத்திப் படுத்திருந்தாய். முதல் கேள்வியே, "கோழிங்க இன்னா பண்ணுது, டீச்சரக்கா?" என்றாய்.

"உன்னைத்தான் தேடுது" என்றேன்.

"அந்தத் திருடி இன்னும் அடுத்தவ முட்டை மேல போய் ஒக்காந்துக்குதா?"

"ஒக்காந்துக்குது."

"ரெண்டு போடு போடுங்க அத" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எப்படி உண்மையைச் சொல்வேன்? அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை வரவில்லை. ஒரு வாரத்தில் நீ போய்விட்டாய். துக்கம் முடிந்து கிரேஸ் கோழிகளைக் கேட்டபோது இன்னொரு பொய் சொன்னேன். மூன்றை நாய் பிடித்துவிட்டது என்றேன். எந்த நாய் என்று கேட்டாள். தெருமுனையில் படுத்திருந்த ஒரு செவலை நாயைக் கையால் காட்டினேன். உயிரோடிருந்த ஒன்றை வாங்கிக்கொண்டு அவள் போனாள்.

டாக்டர் பெயர் சொன்ன அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில், இதற்கும் ஒரு மன்னிப்புச் சீட்டு கிடைத்த மாதிரி ஓர் ஆறுதல் ஒட்டிக்கொண்டு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்யவில்லை, என் மூளை செய்தது என்று. இரண்டு நாள்தான் அந்த ஆறுதல் நின்றது. மறந்தது என் மூளை, சரி. நாயைக் கைகாட்டியது யார்?

இரு, நீ சொன்ன கோழிக்குஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் எங்கோ போகிறேன் என்று நினைக்காதே, இதுவும் அதே பாடம்தான்.

சத்துணவில் முட்டை போடும் நாட்களில் நூற்றுச் சொச்சம் முட்டையை வேகவைத்து உரித்து, ஒரு பிள்ளைக்குக்கூட விட்டுப்போகாமல் வைப்பாய். நீ மட்டும் சாப்பிட மாட்டாய். விரதமா என்று ஒருநாள் கேட்டேன். தொட்டியில் கை கழுவிக்கொண்டே சொன்னாய். பத்தொன்பது வயதில், கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் உனக்கு வேலை. தட்டு தட்டாக அன்று பொரிந்த குஞ்சுகள் வரும். ஒவ்வொன்றாக எடுத்து றெக்கையை விரித்துப் பார்த்து, பெட்டையை இந்தப் பக்கமும் சேவலை அந்தப் பக்கமும் போட வேண்டும். முட்டைக்காக வளர்க்கும் ஜாதி. அதில் சேவல் முட்டையும் போடாது, கறிக்கும் தேறாது. அந்தப் பக்கம் விழுந்தது அன்றைக்கே முடிந்துவிடும்.

"மொதல்ல அழுகாச்சி வந்துச்சி. அப்பறம் கை பழகிட்ச்சி. ஒரு நாளு ஒரு குஞ்சை எந்தப் பக்கம் போட்டேன்னே தெரியல, டீச்சரக்கா. கை போட்டுச்சி, நான் பாக்கல. அதான் எனக்குப் பயமா பூட்ச்சி. மறுநாளு வேலைக்குப் போவல" என்றாய்.

அப்படியென்றால் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வேகவைக்கிறாய் என்று நான் கேட்டேன், புத்திசாலி மாதிரி. "இதுங்கள்ல எத்தினி பேரு ஊட்டுல முட்டை வாங்குவாங்க, சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்டாய். ஒல்லியாக வந்து கன்னத்தில் சதை வைத்துப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உன் கையிலிருந்து அந்தப் பக்கம் விழுந்த குஞ்சுகளை நான் பார்த்ததில்லை. பார்த்தது மட்டும்தான் கணக்கில் சேருமா, எஸ்தரு?

நீ இன்னொன்றும் சொன்னாய். "ஒண்ணு கொறஞ்சா எண்ணாமலே தெரியணும். அந்த அளவுக்குத்தான் வச்சிக்கணும். அதுக்கு மேல வச்சிக்கினா அது வளக்கறது இல்ல, வேற." வேற என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.

பொங்கலுக்குப் பிறகு அந்த வேற என்னவென்று பார்க்கப் போனேன். என் பழைய மாணவன் பாஸ்கர் ஊத்துக்கோட்டை சாலையில் கறிக்கோழிக் கொட்டகை வைத்திருக்கிறான். அவனை உனக்குத் தெரியும், இரண்டு முறை சோறு கேட்டு உன் ஜன்னலில் தட்டுவானே, அவன்தான். கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், வளர்ந்ததும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகும். கொட்டகைக்குள் ஐயாயிரம் கோழி. தரை வெள்ளையாக மூச்சு விடுவது மாதிரி இருந்தது.

"காலைத் தூக்கி வைக்காதீங்க டீச்சர். தேச்சிக்கினே வாங்க, மிதிச்சிடப் போறீங்க" என்றான். அவன் எவ்வளவு மெதுவாகக் காலை இழைத்து நடந்தான் தெரியுமா? அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதே.

மூலையில் ஒரு கோழி எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. உடம்பு பெருத்த வேகத்துக்குக் கால் ஈடு கொடுக்கவில்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். "இது எத்தனை நாளா இப்படி இருக்கு, பாஸ்கர்?"

"தெரியல டீச்சர்." கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "நானும் என் ஒய்ஃபும் ரெண்டே பேரு. பாக்கக் கூடாதுன்னு இல்ல. ஒண்ண நின்னு பாத்துக்கினு இருந்தா மீதிக்குத் தண்ணி லைன் அடைச்சிக்கும். எத்தைப் பாக்கறது, சொல்லுங்க?"

என் கரும்பலகையைப் பற்றிச் சொன்னேனே. என் தலைக்குள் பிறவியிலேயே அமைந்துவிட்ட ஒன்றை, அங்கே சிமென்ட்டும் தகரமும் போட்டு, வேண்டுமென்றே கட்டி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நல்ல மனுஷனை உள்ளே விட்டாலும் அவனால் ஒன்றையும் பார்க்க முடியாத மாதிரி. இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது, உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பாஸ்கரிடமே பாடம் நடத்தத் தொடங்கியிருப்பேன். நல்லவேளை, வாய் திறப்பதற்குள் கணக்கு வந்து குறுக்கே நின்றது. நாலில் மூன்று. அவன் கொட்டகையில் அப்படி ஒரு நாளும் செத்ததில்லை.

அன்றிலிருந்து கறிக்கோழி வாங்குவதில்லை. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை கடையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டு வாசனையை மறைத்துக்கொண்டு வருகிறார். நான் ஒன்றும் கேட்பதில்லை. முட்டை பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

ஆனால் ஒரு முடிவுக்கு வந்தேன். கிரேஸிடம் சொல்லிவிடுவது.

அவளுக்கு இப்போது காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை, கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில்தான் நிற்கிறது. ஒருநாள் சாயங்காலம் இறங்கியவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, கல், முருங்கை நிழல், துணிக்கடை. உன்னிடம் சொன்ன பொய். டாக்டர் சொன்ன பெயரை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சாக்குச் சொல்வது போல் ஆகிவிடும்.

அவள் டீயைத் தொடவில்லை. "அப்போ அந்த நாயி?" என்றாள்.

"அது ஒண்ணும் பண்ணல, கிரேஸ்."

"அத தானே டீச்சர் காட்டினீங்க? அதோ அந்தச் செவலைன்னு." தெருமுனைப் பக்கம் கையை நீட்டினாள். "ரெண்டு வருஷமா பஸ்ஸுக்கு நிக்கறப்பல்லாம் கல்லெடுத்து அடிச்சிக்கினு இருக்கேன். அம்மாவோட கோழிய தின்ன நாயின்னு. போன மாசம் ஒரு கல்லு பட்டு, நொண்டிக்கினே ஓடிச்சி. நான் சந்தோஷப்பட்டேன், டீச்சர்."

மூன்று கோழிகளோடு முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். என் பொய் இரண்டு வருஷமாகத் தெருவில் தினமும் கல்லடி பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நானும் அந்த வழியாகத்தானே காய்கறிக்குப் போனேன்? அது நொண்டியதை ஒருநாள்கூடப் பார்க்கவில்லையே?

"பரவால்லன்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதன்பிறகு தினமும் கம்பெனி பஸ் நிற்கும் சத்தம் கேட்கும், ஜன்னலுக்குப் போவேன். அவள் இந்தப் பக்கம் திரும்பாமல் போவாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று சில நாள், முன்னமே சொல்லியிருக்க வேண்டும் என்று பல நாள் இருந்தது.

இப்போது மூன்றாவது செய்தி! இதைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு கேட்டைத் தட்டினாள். இடுப்பில் அட்டைப்பெட்டி. அவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி அந்தச் செவலை நாய். "தெனம் ஒரு பன்னு போடறேன். பன்னை மட்டும் தின்னுட்டு ஓடிடுது. கிட்ட வரமாட்டேங்குது" என்றாள். எப்படி வரும்?

பெட்டியைத் திறந்தாள். கழுத்தில் இறகில்லாத உன் கோழி! கொஞ்சம் கிழடு தட்டியிருக்கிறது, ஆனால் அதே முறைப்பு. கூடவே அது பொரித்து வளர்த்த பெட்டைகள் இரண்டு.

"கம்பெனில ஷிப்ட் மாத்திட்டாங்க. காலைல தொறந்து விட ஊட்டுல ஆளு இல்ல. எடுத்துக்கினு போறேன்னு பக்கத்துல நாலு பேரு கேட்டாங்க, கொழம்புக்கு" என்றாள்.

"எங்கிட்டயா கொடுக்கற, கிரேஸ்? என்னை நம்பியா?"

"உங்களை நம்பி யாரு குடுத்தா?" என்று பெட்டிக்கு அடியில் கையைவிட்டு எதையோ எடுத்தாள். உன் சாம்பார் கரண்டி, எஸ்தரு. காம்பு வளைந்த அதே கரண்டி. "இத நம்பிக் குடுக்கறேன். அம்மா உங்களைப் பத்திச் சொல்றப்பல்லாம் இந்தக் கரண்டி கதைதான் சொல்லும்."

அப்போதுதான் டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு, "ஓ, அதுக்குப் பேரெல்லாம் இருக்குதா? எங்கம்மா அதுக்கு டீச்சரக்கான்னு பேரு வச்சிருந்துச்சி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்த வாயோடு சட்டமும் போட்டாள், உன் மகள் அல்லவா? கூடையை வடக்குச் சுவர் ஓரம் சார்ப்புக்கு அடியில்தான் வைக்க வேண்டும், அங்கே நாள் முழுக்க வெயில் வராது. உள்ளே தண்ணீர்க் கிண்ணம் இல்லாமல் மூடக் கூடாது. மூடிய உடனே கரண்டியை வாசல் கதவின் தாழ்ப்பாளில் மாட்ட வேண்டும். அதை எடுக்காமல் யாரும் வெளியே போக முடியாது. திறந்துவிட்ட பிறகுதான் கரண்டி சமையலறை ஆணிக்குத் திரும்பலாம். மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அடைக்கு உட்கார்ந்தால் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

இன்றோடு நாற்பத்தோரு நாள், எஸ்தரு! நாற்பத்தோரு நாளும் ஒன்றும் குறையவில்லை. எண்ணாமலே தெரிகிறது. இளசுகளில் ஒன்று தன் தண்ணீரைக் குடிக்காமல் அடுத்ததை இடித்துத் தள்ளிவிட்டு அதன் பக்கத்திலிருந்து குடிக்கிறது. திருடியின் வம்சமோ என்று எனக்குச் சந்தேகம். இன்னொன்று என்ன செய்கிறது என்றால்,

இரு. கதவுப் பக்கம் டணாரென்று ஒரு சத்தம்.

வந்துவிட்டேன். கடைக்குக் கிளம்பிய வீட்டுக்காரர் கதவைத் திறந்திருக்கிறார், கரண்டி தரையில் விழுந்திருக்கிறது. அறுபத்தெட்டு வயது மனுஷன், நாலாம் வகுப்புப் பையன் மாதிரி "சுலோ, கரண்டி!" என்று கத்துகிறார்.

வாசல் கழுவுவதற்காகக் கூடையைப் போட்டு மூடிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தவள் நான். வாசல் எப்போதோ காய்ந்துவிட்டது. கோழிகள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன, எந்த வரியில் சத்தம் நின்றது என்றுகூட எனக்குத் தெரியாது. நாற்பத்தோரு நாள் என்று பெருமையாக எழுதிய வரியிலா? உன் கோழிகள் செத்ததை எழுதும்போதேவா? அப்படியே வாசலுக்கு ஓடினேன். வடக்குச் சுவர் நிழல் அப்படியே இருந்தது. கிண்ணத்தில் பாதித் தண்ணீர் மீதி. கூடையைத் தூக்கியதும் கிழவி என்னை முறைத்துவிட்டு வெளியே போனாள்.

ஆக, மறந்தேன், எஸ்தரு. மருந்தும் பெயரும் வந்த பிறகும் மறந்தேன். நான் மறப்பேன் என்று தெரிந்து நீங்கள் அம்மாவும் மகளும் செய்து வைத்தது மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வி கேட்டாயே, கோழிங்க இன்னா பண்ணுது என்று. இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறேன். உன் கழுத்தில் இறகில்லாக் கிழவி முருங்கைக்குக் கீழே மண்ணைப் பறித்து, இறகை விரித்துப் போட்டுப் புழுதியில் புரள்கிறாள். திருடி வம்சத்தவள் அவள் பறித்த இடத்தில் போய்க் கொத்துகிறாள். மூன்றாமவள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று வெளியே படுத்திருக்கும் செவலை நாயைப் பார்க்கிறாள். நாயும் பார்க்கிறது. இரண்டும் ஒன்றும் செய்யவில்லை.

இனி மறக்கவே மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அது இன்னொரு பொய்யாகிவிடும். இதற்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன்: மறந்தால், மறந்தேன் என்று அன்றைக்கே சொல்வேன். வேறு எந்த நாயையும் கைகாட்ட மாட்டேன். கரண்டியை ஆணியில் மாட்டிவிட்டேன். சாயங்காலம் கூடையை மூடியதும் மறுபடி இறங்கும்.

நாலாம் வகுப்பு எண்ணிக்கையை இன்னும் அனுப்பாத,
உன் டீச்சரக்கா
சுலோச்சனா